பிள்ளையின் படிப்புப் பணத்துக்கு யார் காவல்?



சேமிக்கச் சொல்லி இந்த மாதம் பாடம் நடத்தப் போவதில்லை. அதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சேமித்த பணம் பிள்ளை காலேஜ் சேருகிற அன்றைக்குக் கையில் இருக்கிறதா என்பதுதான் இந்தப் பாடம்.

நம்ம பக்கத்துக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புப் பணமும் மரவள்ளிக் கிழங்குப் பணமும் பெரும்பாலும் தை, மாசி, பங்குனியில் வரும். காலேஜ் கட்டணம் கட்டச் சொல்வது ஆனி, ஆடியில். நடுவில் சித்திரையும் வைகாசியும் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கூரை மாற்றுவது எல்லாம் அப்போதுதான். "பொண்ணு படிப்புக்குன்னு வச்சிருக்கேன்" என்று சொன்ன பணம், யாரும் திருடாமலே, யார்மேலும் குற்றம் சொல்ல முடியாமலே, இந்த நாலு மாதத்தில் கரைந்துவிடும். வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், "படிப்புப் பணத்தைத் தொடாதே" என்று எந்தத் தாய் சொல்வாள்?

பணக்காரக் குடும்பங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. அதற்குப் பேர் டிரஸ்ட். தமிழில் அறக்கட்டளை என்கிறோம். அந்தப் பேரைக் கேட்டதும் கோயில், அன்னதானம், இன்ஜினியரிங் காலேஜ் என்றுதான் நினைப்போம். அது பொது அறக்கட்டளை. ஒரு குடும்பத்துக்குள், ஒரே ஒரு பிள்ளைக்காகக்கூட டிரஸ்ட் வைக்கலாம். அதற்கென்றே 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் இருக்கிறது. "நமக்கெல்லாம் அது எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். பலருக்குத் தேவைப்படாது, சிலருக்குக் கட்டாயம் தேவைப்படும். யார் யாருக்கு என்பதைப் பார்ப்போம்.

கருணாபுரத்தில் அரசு அறிவித்தது

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது தமிழக அரசு இரண்டு விதமான உதவியை அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் என்பது ஒன்று. பிள்ளைகளுக்கான உதவி இன்னொன்று. தாய், தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளை பேரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயது முடிந்த பிறகே வட்டியோடு எடுக்க முடியும். 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய். பட்டப்படிப்பு முடிகிற வரை படிப்பு, விடுதிச் செலவு அரசுப் பொறுப்பு. பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளை பேரில் 3 லட்சம் வைப்பு.

எதற்காக இப்படிப் பிரித்தார்கள்? நிவாரணப் பணம் குடும்பத்தின் கைக்கு வருகிறது. அதில் கடன் அடைக்கலாம், வீடு கட்டலாம், அது குடும்பத்தின் முடிவு. பிள்ளை பேரில் போட்டதற்கோ ஒரு பூட்டு இருக்கிறது. சாவி 18 வயதில். இதற்கு நடுவில் மாமனோ சித்தப்பாவோ கேட்டாலும் அது வராது. மாதம் 5,000 என்பது அதுவரைக்கும் சோத்துக்கும் நோட்டுக்கும். கோவிட் காலத்தில், 2021-லும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு இதே மாதிரிதான் வைப்புத்தொகை அறிவித்தது. சாலை விபத்து வழக்கில் நஷ்டஈடு தரும்போது நீதிமன்றமும் மைனர் பிள்ளையின் பங்கைத் தனியே பிரித்து, மேஜர் ஆகும் வரை பேங்கில் போடச் சொல்வது வழக்கம்.

எழுதிய சட்டம் வேறு வேறாக இருக்கலாம். டிரஸ்ட்டின் உயிர் இதுதான்: பணம் கொடுத்தவர் ஒருவர், பார்த்துக்கொள்பவர் ஒருவர், அனுபவிப்பவர் ஒருவர். பார்த்துக்கொள்பவர் அதைத் தன் பணமாக நினைக்கக் கூடாது. கொடுத்தவரும் "என் பணம்தானே" என்று திரும்ப எடுக்கக் கூடாது. நம் வீடுகளில் இந்த மூன்று பேரும் ஒரே ஆளாக இருப்பதால்தான் படிப்புப் பணம் நிற்பதில்லை என்பது என் எண்ணம்.

சொந்தப் பிள்ளை என்றால்

நீங்கள் பெற்ற பெண்ணுக்கு என்றால் டிரஸ்ட் பத்திரம், வக்கீல் செலவு எதுவும் வேண்டாம். அஞ்சலகத்துக்குப் போங்கள். 2015 ஜனவரியில் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 10 வயதுக்குள் இருக்கிற பெண் குழந்தைக்குக் கணக்குத் தொடங்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் குழந்தைகள் வரை (இரட்டைப் பிள்ளை பிறந்தால் விதிவிலக்கு உண்டு). வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்ட வேண்டும், 21 வருஷத்தில் முதிரும். நடுவில் எடுக்க வேண்டுமென்றால் படிப்புக்குத்தான். பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும். காலேஜ் சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்டினால், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை தருவார்கள். "கூரை மாத்தணும், கொடுங்க" என்றால் தர மாட்டார்கள். இந்தப் பிடிவாதத்துக்காகவே இது எனக்குப் பிடிக்கும்.

வட்டியை அரசு அவ்வப்போது மாற்றும். 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக ஆனது. அதே வட்டி கடைசிவரை நிற்கும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 500 ரூபாய் வீதம் 15 வருஷம் கட்டிய 90,000 ரூபாய், 21-ஆம் வருஷம் சுமார் 2 லட்சத்து 75 ஆயிரம் ஆகியிருக்கும்.

பாட்டிமார்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பேத்திக்கு ஆசையாகப் பாட்டியே கணக்குத் தொடங்குவது முன்பு பல இடங்களில் நடந்தது. திட்ட விதிப்படி பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க முடியும். தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளை அப்பா அம்மா பேருக்கு மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் உத்தரவு உள்ளது. பணம் கட்டுவதற்குப் பாட்டிக்குத் தடை இல்லை. கணக்கில் காப்பாளர் பேர்தான் தாயோ தகப்பனோ ஆக இருக்க வேண்டும்.

ஆண் பிள்ளைக்கு இதற்கு இணை இல்லை. பொது வருங்கால வைப்பு நிதியைத் தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் 2015 முதல் 'பொன்மகன்' என்று பேர் வைத்து அறிமுகப்படுத்தினார்கள். அது 15 வருஷத் திட்டம்.

"மைனர் கணக்குக்கு அப்பா கையெழுத்துதான் வேணும்னு சொல்றாங்க" என்று இன்றைக்கும் சில உறுப்பினர்கள் வந்து சொல்கிறார்கள். இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-ல் தன் மகன் பேரில் ரிசர்வ் பேங்க் பத்திரத்தில் 20,000 ரூபாய் போட, காப்பாளராகத் தானே கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும் என்று திரும்பி வந்தது. அவர் விடவில்லை. 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தகப்பன் உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று தீர்ப்பு சொன்னது. கவுண்டரில் யாராவது மறுத்தால் கோபப்படாமல் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

நாமினி வாரிசு இல்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குழுவில் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத் தப்பாகத்தான் சொல்வார்கள். பேங்க் கணக்கில் நாமினி என்று தம்பி பேரைப் போட்டால், நாளைக்கு அந்தப் பணம் தம்பிக்குச் சொந்தம் ஆகிவிடாது. பேங்க் யார் கையில் கொடுக்கலாம் என்பதற்குத்தான் நாமினி. வாங்கியவர் அதைச் சட்டப்படியான வாரிசுகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். உச்ச நீதிமன்றம் இதை 1983-லேயே சொல்லிவிட்டது. (இன்சூரன்ஸில் மட்டும் 2015-ல் சட்டம் மாறியது. கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சேரும்.)

ஆகவே "அண்ணன் பேரை நாமினியா போட்டிருக்கேன், அவரு என் புள்ளைய படிக்க வச்சிடுவாரு" என்பது நம்பிக்கை மட்டுமே. அண்ணன் நல்லவர்தான். ஆனால் படிப்புக்கு என்று எங்கேயும் எழுதவில்லையே.

செலவே இல்லாத ஒரு டிரஸ்ட்

உங்கள் வீட்டுக்காரர் எல்.ஐ.சி. பாலிசி எடுக்கப் போகிறாரா? கையெழுத்துப் போடும் முன்னால் ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழே எழுதித் தர முடியுமா?"

அது 1874-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் ஆறாவது பிரிவு சொல்வது இதுதான். திருமணமான ஆண் தன் உயிர்மேல் எடுக்கும் பாலிசியில் "மனைவியின் நன்மைக்காக" என்றோ "பிள்ளைகளின் நன்மைக்காக" என்றோ எழுதியிருந்தால், அது அவர்களுக்கான டிரஸ்ட் என்றே கருதப்படும். கணவனே நினைத்தாலும் அதன்மேல் கடன் வாங்க முடியாது. அவர் வாங்கிய கடனுக்காகக் கடன்காரர் அதில் கை வைக்க முடியாது. அவர் சொத்தோடு சேர்த்துப் பங்கு போடவும் முடியாது. கடன்காரரை ஏமாற்றுவதற்காகவே எடுத்தது என்று நிரூபித்தால் மட்டும் கதை வேறு.

நம்ம ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. இந்தச் சட்டம் இந்துக்களுக்குப் பொருந்துமா என்று முதலில் சண்டை இருந்தது. சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தும் என்று ஆனது. மற்ற மாகாணங்களுக்கு அது 1923 ஏப்ரலில்தான் வந்தது. அப்படியும் நூறு வருஷம் கழித்து நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாலிசி எடுக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. பணத்தை வாங்கி வைத்திருக்கப் பொறுப்பாளர் ஒருவர் பேரையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், தொகை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற அரசுப் பொறுப்பாளர் அலுவலகத்துக்குப் போகும். பணம் பத்திரமாக இருக்கும், ஆனால் வெள்ளிமலையில் இருந்து சென்னைக்கு யார் அலைவது?

அத்தை, மாமன், பெரியம்மா என்றால்

டிரஸ்ட் நிஜமாகத் தேவைப்படுவது இங்கேதான். பணம் கொடுப்பவர் வேறு, பிள்ளையை வளர்ப்பவர் வேறு என்ற குடும்பங்கள் நம்மிடம் நிறைய.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். தம்பி இறந்துவிட்டார். அவர் மகளை நர்சிங் படிக்க வைக்க அத்தைக்கு ஆசை. மாடு விற்ற பணம், நகையை விற்ற பணம் என்று ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. பிள்ளைக்கு வயது 13. தம்பி பொண்டாட்டி கையில் கொடுத்தால் அவள் கடன் அடைப்பாள், அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. தன் பேரிலேயே அத்தை வைத்திருந்தால், நாளைக்கு அத்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் பிள்ளைகள் "எங்க அம்மா பணம்" என்பார்கள். அவர்கள் கேட்பதும் சட்டப்படி சரிதான். இருவரும் நல்லவர்கள், பிள்ளைக்கோ பணம் இல்லை.

அத்தை என்ன செய்யலாம்? நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தை டிரஸ்ட்டாக வைப்பதென்றால், எழுதி, கையெழுத்திட்டு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும், அல்லது உயிலில் எழுத வேண்டும். பணம், நகை, ஆடு மாடு போன்றவற்றுக்குச் சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. இன்ன காரியத்துக்காக, இன்ன பிள்ளைக்காக என்று சொல்லிப் பொறுப்பாளர் கையில் ஒப்படைத்தாலே டிரஸ்ட் உண்டாகிவிடும். ஆனால் வாய்ச்சொல்லுக்கு நாளைக்குச் சாட்சி யார்? அதனால் எழுதிவிடுங்கள். மாதிரிக்கு:

"______ கிராமம் ______ ஆகிய நான், என் தம்பி மகள் ______ (பிறந்த தேதி ______) படிப்புக்காக ரூ. ______ தொகையை இன்று ______, ______ ஆகிய இரு பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கிறேன். இது அவர்களுடைய சொந்தப் பணம் அல்ல. இதை ______ அஞ்சலகம் / வங்கியில் தனிக் கணக்கில் மட்டும் வைக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம். படிப்புச் செலவு என்பது கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பஸ், புத்தகம், சீருடை ஆகியவை. வருஷம் ஒருமுறை வரவு செலவைப் பிள்ளைக்கும் அவள் தாய்க்கும் காட்ட வேண்டும். ஒரு பொறுப்பாளர் இறந்தால் அல்லது விலகினால் ______ அந்த இடத்துக்கு வருவார். பிள்ளை படிப்பை நிறுத்தினால், அல்லது இறந்தால், மீதித் தொகை ______ க்குச் சேரும்."

பணம் கொடுத்தவர், பொறுப்பாளர்கள், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், உங்கள் குடும்பத்துக்கு வாசகம் சரியா என்று வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

படிப்புச் செலவு என்றால் என்ன என்று விவரமாக எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அரசுக் காலேஜில் கட்டணம் குறைவு. பழங்குடி, ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் உண்டு. மலையில் இருந்து கீழே வந்து படிக்கும் பெண்ணுக்குப் பணம் போவது பஸ்ஸிலும், சாப்பாட்டிலும், ரூம் வாடகையிலும், செல்போனிலும். "கட்டணம்" என்று மட்டும் எழுதி வைத்தால், பொறுப்பாளர் ரொம்ப நேர்மையானவராக இருந்தால் சாப்பாட்டுக்குக் காசு தர மாட்டார்!

பொறுப்பாளருக்குச் சட்டம் போடும் கட்டுகள் கடுமையானவை. தன் பணத்தைப் போல அக்கறையோடு பார்க்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். பத்திரத்தில் எழுதாவிட்டால் சம்பளம் கிடையாது. தன் லாபத்துக்கு அதைத் தொடவே கூடாது. தவறினால் தன் கையில் இருந்து ஈடுகட்ட வேண்டும். "சும்மாதானே கெடக்கு, குழுவில உள்கடனா சுத்த விட்டா வட்டி வருமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். குழுக் கணக்கில் போட்டால், குழு வாங்கிய பேங்க் கடன் நிலுவை ஆகும்போது இந்தப் பணமும் சேர்ந்து மாட்டும். குழுவையே பொறுப்பாளராகப் போடவும் வேண்டாம். குழுத் தலைவி மாறுவார், உறுப்பினர்கள் மாறுவார்கள், சட்டப்படி யாரைக் கேட்பது என்று தெரியாது. ஆட்கள் இருவர் பொறுப்பு, குழுக் கூட்டத்தில் வருஷம் ஒருநாள் கணக்கு வாசிப்பு என்றால் நன்றாக இருக்கும். பத்துப் பெண்கள் முன்னால் கணக்கு வாசிக்க வேண்டும் என்று தெரிந்தால் யாருக்கும் கை நீளாது.

பொறுப்பாளராக யாரைப் போடுவது? ஒருவர் பிள்ளையின் சொந்தமாகவும், இன்னொருவர் சொந்தமில்லாதவராகவும் இருந்தால் நல்லது என்பேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே ஆள் மாதிரிதான்.

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். ஒன்று, இப்படி ஒப்படைத்த பணத்தைத் திரும்ப வாங்க முடியாது, "தேவைப்பட்டால் திரும்ப எடுப்பேன்" என்று முதலிலேயே எழுதியிருந்தால் தவிர. மைனர் பிள்ளையால் சம்மதம் கொடுக்கவும் முடியாது. தம்பி பொண்டாட்டியோடு பின்னால் மனஸ்தாபம் வந்தாலும் பணம் பிள்ளையுடையதுதான். இரண்டாவது, பிள்ளை ஒருத்திதான் பயனாளி என்றால், 18 வயது முடிந்ததும் மொத்தத்தையும் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. சட்டத்தின் 56-ஆம் பிரிவு. காலேஜ் இரண்டாம் வருஷத்தில் "ஸ்கூட்டி வாங்கணும்" என்று கேட்டாலும் கேட்பாள். டிரஸ்ட் வைத்தாலும் பிள்ளையிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

எழுதினால் மட்டும் போதாது என்பதற்குப் பச்சையப்ப முதலியார் கதையே இருக்கிறது. பெரும் செல்வர். 1794-ல் உயில் எழுதி, கோயிலுக்கும் தர்மத்துக்கும் சொத்தை வைத்துவிட்டு அதே வருஷம் இறந்தார். பிறகு வழக்கு மேல் வழக்கு. நீதிமன்றம் தலையிட்டு ஒழுங்குபடுத்தி, அந்தப் பணத்தில் சென்னையில் முதல் பள்ளிக்கூடம் திறந்தபோது வருஷம் 1842. எழுதியதற்கும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்ததற்கும் நடுவில் 48 வருஷம்! அந்த அறக்கட்டளையின் மகளிர் கல்லூரி இப்போது கடலூரில் இருக்கிறது, நம் பக்கத்துப் பெண்கள் போய்ப் படிக்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பி மகளுக்கு 48 வருஷம் காத்திருக்க முடியாது. பொறுப்பாளர் யார், அவருக்குப் பிறகு யார் என்பதை நிரப்பாமல் விடாதீர்கள்.

மலையில் இருக்கும் உறுப்பினர்களுக்கு

கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆட்சி முழுசாக முடிந்ததே 1976-ல்தான். அதனால் கீழே இருப்பவர்களைப் போல மூன்று தலைமுறைப் பத்திரம் மலையில் யாரிடமும் இருக்காது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு தருகிற இந்து வாரிசுரிமைச் சட்டமும், மேலே சொன்ன மைனர் காப்பாளர் சட்டமும், மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களிலேயே எழுதியிருக்கிறது. மலையாளி சமூகத்துப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலையில் சத்தீஸ்கர் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கு மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல செய்தி. ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் கோர்ட்டுக்குப் போய்ப் பங்கு வாங்க முடியுமா? "என் காலத்துக்கு அப்புறம் தானா பொண்ணுக்கு வந்துடும்" என்று மலையில் இருக்கிற தாய் நம்பி இருக்க வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே பணத்தைப் பெண் பேரில் போட்டுவிடுங்கள், அல்லது மேலே சொன்ன மாதிரி எழுதி ஒப்படையுங்கள். நிலத்தைத் தொடுவதற்கு முன் சட்ட உதவி மையத்தில் கேட்டே ஆக வேண்டும், பழங்குடியினர் நிலத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும், விசாரணைக்கு நாள் ஆகும். உதவித்தொகை, விடுதி, இட ஒதுக்கீடு எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் நிற்கிறது. பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று காத்திருக்காமல் எட்டாவது, ஒன்பதாவதிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்து, சான்று இல்லாததால் அதை முழுசும் தனியார் காலேஜில் கட்டுவதைவிட வருத்தம் வேறில்லை.

பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

"கல்வி டிரஸ்ட்", "மகளிர் அறக்கட்டளை" என்று போர்டு போட்டு, மாதம் 300 கட்டினால் பிள்ளை படிப்புக்கு இரட்டிப்பாகத் தருவோம் என்று ஊருக்குள் வருபவர்கள் உண்டு. நாம் இதுவரை பேசிய டிரஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டிரஸ்ட் என்று பதிவு செய்த சான்றிதழைக் காட்டுவார்கள். அந்தச் சான்றிதழ், ஊரில் பணம் வசூலிக்க அனுமதி ஆகாது. "டெபாசிட் வாங்க யார் அனுமதி கொடுத்தது, அந்தக் காகிதத்தைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கிற பாஸ்புக், பாலிசி எல்லாம் எடுத்துவாருங்கள். ஊக்குநர் ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்று கேள்வி கேட்கட்டும்: பணம் யார் பேரில் இருக்கிறது, யார் கையெழுத்தில் வெளியே வரும், எதற்காக என்று எங்காவது எழுதியிருக்கிறதா. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம், அது அவரவர் வீட்டு விஷயம். அவரவர் தனி நோட்டில் எழுதி எடுத்துப் போகட்டும். 10 வயதுக்குள் பெண் குழந்தை இருக்கிற உறுப்பினர்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் இவற்றையும் கொண்டுவந்தால், கூட்டம் முடிந்த கையோடு எல்லோரும் சேர்ந்து அஞ்சலகத்துக்குப் போய்விடலாம்.